ரிப்போர்ட் நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை

கேள்வி:

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. எட்டு மாதத்துக்கு முன் பெரிய மனுஷியானாள். மூன்றாவது மாதவிடாய் பதினாறு நாள் நிற்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 5.8. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேன் நார்மல், பிளேட்லெட் 2,60,000, பி.டி., சி.டி., ஏ.பி.டி.டி. எல்லாம் நார்மல், ரத்தம் உறைவதில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கோடைக்குக் கோடை மூக்கில் ரத்தம் வரும். ஒன்பது வயதில் பல் பிடுங்கியபோது இரண்டு நாள் கசிந்தது. கை காலில் அடிபடாமலே நீலம் நீலமாகக் கன்றிப்போகும். நான் தாய்மாமனைக் கட்டியவள். என் பாட்டியே எனக்கு மாமியார். அவர் "ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறார். அடுத்த மாதம் இன்னொரு பல் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இவள் தம்பிக்கு நான்கு வயது. தை மாதம் தீர்த்தமலையில் மொட்டை போட்டுக் காது குத்த இருக்கிறோம். ரிப்போர்ட்டை நம்புவதா, கண்ணால் பார்ப்பதை நம்புவதா? சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி வந்ததா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணால் பார்ப்பதை நம்புங்கள். ரிப்போர்ட்டையும் கிழித்துப் போட வேண்டாம், அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியை அதனிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, குழாயில் வரும் ரத்தத்தைப் பார்க்கிற நோய்க்குறியியல் மருத்துவர். அதனால் உங்கள் மகளுக்கு இன்ன நோய் என்று இந்தக் கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சோதனைக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்ல முடியும். உங்கள் குழப்பமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் பாட்டி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அதில் பாதி சரி. வயதுக்கு வந்த முதல் ஓரிரண்டு வருடம் பல பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கருமுட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியாகாவிட்டால் கருப்பை உட்சுவரைச் சீராக உதிர வைக்கும் ஹார்மோன் சுரக்காது. அதனால் சில மாதம் வராது, வந்தால் கொட்டும். இது நோய் இல்லை, போகப்போகச் சரியாகிவிடும். பாட்டி தன் காலத்தில் பத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கினால் இரண்டு நாள் ரத்தம் வந்திருக்காது. ஹீமோகுளோபின் 5.8 வரை இறங்கி மயங்கி விழுந்திருக்கவும் மாட்டார்கள். வழக்கமான காரணம் ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொரு காரணம் இல்லாமல் போய்விடாது. இரண்டும் சேர்ந்துகொண்டால்தான் நிலைமை இப்படி மோசமாகும்.

ரத்தம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இந்த மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது பாம்புக்கடி. பென்னாகரம் பக்கமிருந்தும் அரூர் பக்கமிருந்தும் கண்ணாடி விரியன் கடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் கட்டி அப்படியே நிற்கும். உறையும் பொருட்களை விஷம் தீர்த்துவிட்டிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். அந்தக் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. ஏனென்றால் அங்கே உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புதான்.

உடம்புக்குள் கண்ணாடி கிடையாது. அங்கே நடப்பது ஏரிக்கரை உடைப்பை ஊர் கூடி அடைப்பது மாதிரி. முதலில் வரத்தைக் குறைக்க வேண்டும். அடிபட்ட ரத்தக்குழாய் சுருங்கி அதைச் செய்கிறது. அப்புறம் மணல் மூட்டைகள். அவைதான் தட்டணுக்கள். டெங்கு வந்த பிறகு பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடே இல்லை, அதனால் அதிகம் விளக்க வேண்டாம். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கரை லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றும் எட்டுப் பத்து நாள் உயிர் வாழும்.

ஆனால் பாய்ந்து ஓடும் தண்ணீரில் மூட்டையைச் சும்மா போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். முளையடித்துக் கயிறு கட்டினால்தான் நிற்கும். ரத்தத்தில் அந்தக் கயிற்று வேலையைச் செய்வது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம். சாதாரண நேரத்தில் சுருண்டு கிடக்கும். குழாய் கிழிந்த இடத்தில் வெளியே தெரியும் நார்ப்பொருளில் அதன் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டதும், ரத்த ஓட்டத்தின் வேகமே அதை இழுத்து நீட்டிவிடுகிறது. நீண்டதும் அதிலுள்ள கொக்கிகள் வெளிப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு நன்றாகப் பிடிக்கும்! இத்தனை வருடம் ஆகியும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. இப்படி நின்ற தட்டணுக்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு ஓட்டையை மூடுகின்றன.

இது தற்காலிக அடைப்பு. இதன் மேல் வலை பின்ன வேண்டும். அதற்குத்தான் உறைதல் காரணிகள் என்ற பொருட்கள், பெரும்பாலும் புரதங்கள். ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் போட்டிருக்கிறார்கள். ஆறாவது மட்டும் கிடையாது. ஆறு என்று பெயர் வைத்த பொருள் ஐந்தாவது காரணியின் செயல்பட்ட வடிவம்தான் என்று பிறகு தெரிந்ததால் அந்த எண்ணை விட்டுவிட்டார்கள். ஒரு காரணி அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, கடைசியில் த்ராம்பின் என்ற நொதி உண்டாகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக மாற்றுவது அதுதான். பதின்மூன்றாவது காரணி அந்த நூல்களைக் குறுக்கே தைத்து வலையை இறுக்குகிறது.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

அதில் பி.டி. என்று எழுதியிருப்பது எது? தமிழில் எழுதினாலும் பேசினாலும் பிளீடிங் டைமும் பி.டி.தான், புரோத்ராம்பின் டைமும் பி.டி.தான். பக்கத்தில் சி.டி., அதாவது ரத்தம் உறையும் நேரம், இருப்பதால் உங்களுடையது பிளீடிங் டைம் என்று நினைக்கிறேன். விரலிலோ காது மடலிலோ குத்தி, ரத்தம் நிற்கும் நேரத்தைக் கணக்கிடுவது. குத்துபவர் கை, குத்திய ஆழம், தோலின் தன்மை, எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆபரேஷனுக்கு முன் இந்த இரண்டையும் பார்ப்பது நம் ஊரில் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. சி.டி. அதைவிட மோசம், காரணி மிக மிகக் குறைந்தால்தான் அது நீளும். இவை இரண்டும் நார்மல் என்பதற்கு நான் மதிப்பே கொடுக்க மாட்டேன்.

புரோத்ராம்பின் நேரமும் ஏ.பி.டி.டி.யும் நல்ல சோதனைகள். நீல மூடி போட்ட குழாயில், சிட்ரேட் கலந்த மருந்தில் ரத்தம் எடுப்போம். சிட்ரேட் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் உறையாது. குழாயை வேகமாகச் சுழற்றினால் அணுக்களெல்லாம் அடியில் தங்க, மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அந்தப் பிளாஸ்மாவில் தூண்டும் பொருளையும் கால்சியத்தையும் சேர்த்து, எத்தனை வினாடியில் முதல் ஃபைப்ரின் இழை தோன்றுகிறது என்று பார்ப்போம். திசுவிலிருந்து வரும் தூண்டுதலை ஒத்த பொருளைச் சேர்த்தால் புரோத்ராம்பின் நேரம்; கண்ணாடித் தூள் மாதிரி ஒரு மேற்பரப்பைக் கொடுத்துத் தூண்டினால் ஏ.பி.டி.டி.

இப்போது யோசித்துப் பாருங்கள். சுழற்றியபோது தட்டணுக்களும் அடியில் போய்விட்டன. தட்டணுக்களை நீக்கிவிட்டுச் செய்யும் சோதனை தட்டணுக்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்? முதல் இழை தோன்றியதும் கடிகாரம் நின்றுவிடுகிறது. அந்த இழையைத் தைத்து இறுக்கும் பதின்மூன்றாவது காரணி இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? சோதனைக் குழாயில் பாய்ந்து ஓடும் ரத்தம் கிடையாது. அப்படியிருக்கக் கயிறு பிடிக்கிறதா என்று எப்படிச் சொல்வது? பிளேட்லெட் 2,60,000 என்பது மூட்டைகளின் எண்ணிக்கை. மூட்டையில் மணல் இருக்கிறதா, அது இன்னொன்றோடு ஒட்டுமா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஜான் ஹேக்மேன் என்று அமெரிக்க ரயில்வே தொழிலாளி ஒருவர். அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே இல்லை. பார்த்த டாக்டர்கள் பயந்துபோனார்கள். ஆனால் அவருக்கு ரத்தப்போக்கு என்ற தொந்தரவே இருந்ததில்லை. அவரிடம் இல்லாத பொருள்தான் பன்னிரண்டாவது காரணி. 1955இல் அவர் பெயராலேயே அதை விவரித்தார்கள். கண்ணாடி பட்டால் உறையத் தொடங்குவதற்கு அந்தக் காரணி வேண்டும். உடம்பில் காயம் ஆறுவதற்கு வேண்டாம். 1968இல் அவர் இறந்ததே நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துத்தான். அவருக்கு ரிப்போர்ட் கோளாறு, ஆள் நலம். உங்கள் மகளுக்கு ரிப்போர்ட் நலம், ஆளுக்குத்தான் கோளாறு.

ஆகவே ரத்தப்போக்கு நோய்களில் முதல் சோதனை குழாயில் நடப்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இந்தக் கடிதம்தான் முதல் சோதனை. எங்கிருந்து வருகிறது, அடிபட்ட உடனே வருகிறதா, நின்று மறுபடி வருகிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஹீமோஃபிலியாவில் எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி குறைகிறது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். கணுக்கால், முழங்கால் மூட்டுக்குள்ளும் சதைக்குள்ளும் ரத்தம் கட்டி வீங்கும். அது வலை பின்னுவதில் உள்ள குறை. உங்கள் மகளுக்கு மூக்கு, பல் ஈறு, தோல், கருப்பை என்று எல்லாம் மேற்பரப்பு. காயம் பட்ட கணத்திலிருந்தே வருகிறது. இது மூட்டையிலோ கயிற்றிலோ உள்ள குறையின் சாயல்.

இதைக் கணக்குப் போடவே டாக்டர்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. மூக்கில் ரத்தம், கன்றிப்போதல், பல் எடுத்தபின் கசிவு, மாதவிடாய் என்று 14 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை மதிப்பெண். பிள்ளைகளுக்கு மொத்தம் 3 வந்தாலே மேலே ஆராய வேண்டும் என்பது அளவு. மாதவிடாய்க்காக ரத்தம் ஏற்ற நேர்ந்தது என்ற ஒன்றுக்கே 4. மூக்கையும் பல்லையும் நான் இன்னும் கூட்டவே இல்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் நம் பக்கத்தில் "சூடு" என்று விட்டுவிடுவோம். மாம்பழ சீசனும் அதே சமயத்தில் வந்து சேரும், பழி பழத்தின் மேல் விழும். கோடையின் வறண்ட காற்றில் மூக்கின் உள்தோல் வெடிப்பது உண்மைதான். எல்லாப் பிள்ளைக்கும் வெடிக்கும். ஐந்து நிமிடம் மூக்கைப் பிடித்தால் நிற்கும். உங்கள் மகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு பக்கத்திலும் வருமா என்று யோசித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்ததா என்பதையும் எழுதுங்கள். பதின்மூன்றாவது காரணி இல்லாத பிள்ளைகளிடம் அடிக்கடி கேள்விப்படும் விஷயம் அது. இவளுக்குக் காது குத்தியபோது என்ன ஆயிற்று? ஆசாரி குத்தின அன்றைக்கே நின்றதா, தலையணையில் கறை இருந்ததா? எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாத சோதனையை நம் ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்து வைத்திருக்கிறோம், கேட்கத்தான் ஆளில்லை.

சரி, அடுத்து என்ன சோதனை?

முதலில் கயிறு. வான் வில்லிபிராண்ட் நோய்தான் பிறவியிலேயே வரும் ரத்தப்போக்கு நோய்களில் அதிகம் காணப்படுவது. எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர் 1926இல் ஆலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தைப் பார்த்து இதை எழுதினார். ரத்தம் நிற்காத நோய் என்றால் ஆண்களுக்கு வருவது என்றிருந்த காலத்தில், அந்தக் குடும்பத்தில் பெண்களும் நிறையப் பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எட்டாவது காரணியையும் கூடவே அளக்க வேண்டும், ஏனென்றால் அதைச் சுமந்துகொண்டு திரிவது இந்தக் கயிறுதான். அளவு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. 30க்கும் 50க்கும் நடுவில் இருந்து, இவளைப் போல ரத்தப்போக்கும் இருந்தால் அப்போதும் நோய் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஏ.பி.டி.டி. நார்மலாக இருந்தும் இந்த நோய் இருக்கலாம். எட்டாவது காரணி நன்றாகக் குறைந்தால் மட்டுமே அது நீளும்.

இதில் ஒரு சிக்கல். இந்தப் புரதம் காய்ச்சலில் ஏறும், பயத்தில் ஏறும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையில் ஏறும். ஊசியைப் பார்த்து அழுது புரண்ட பிள்ளையிடம் எடுத்த ரத்தத்தில் நார்மல் காட்டும். ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே சற்றுக் குறைவாக இருக்கும். அதனால் ஒருமுறை நார்மல் வந்தால் போதாது. கொஞ்ச நாள் விட்டு, பிள்ளை நலமாக இருக்கும்போது மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது ஏதாவது ஹார்மோன் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், ரத்தம் ஏற்றிய தேதியையும் சொல்லுங்கள்.

கயிறு சரியாக இருந்தால் அடுத்தது மூட்டை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் சோதனைக்குத் திரட்சிச் சோதனை என்று பெயர். தூண்டும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தட்டணுக்கள் திரண்டு கலங்கல் தெளிகிறதா என்று கருவி அளக்கும். 1918இல் கிளான்ஸ்மான் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர் விவரித்த நோயில், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் கை கோத்துக்கொள்ளும் புரதம் இருக்காது. விரலில் குத்தி, எந்த மருந்தும் கலக்காமல் கண்ணாடியில் இழுத்த ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும்: நார்மலில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும், இந்த நோயில் சண்டை போட்ட சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியாக நிற்கும். செலவில்லாத இந்தச் சோதனையைத் தருமபுரியிலேயே கேட்டு வாங்குங்கள்.

இரண்டும் சரியென்றால் பதின்மூன்றாவது காரணி. உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு வைத்தால், தைக்கப்படாத கட்டி கரைந்துபோகும்.

எங்கே போவது? முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் காட்டி, ரத்தவியல் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். திரட்சிச் சோதனைக்கு வேலூர் சி.எம்.சி. அல்லது பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளுக்குப் போவது நல்லது. வேலூரில் ரத்தவியல் துறை பழுத்த துறை. கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேருக்கு அங்கே செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே ரத்தம் எடுத்துக் குழாயை மட்டும் அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். திரட்சிச் சோதனையை ரத்தம் எடுத்த நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நானே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு சிறுவனின் குழாயை, கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பினேன். வான் வில்லிபிராண்ட் காரணி பாதிக்கும் கீழே என்று வந்தது. வீடே அழுதது. ஆறு வாரம் கழித்து, பையனை நேரில் அனுப்பி எடுத்தபோது முழுக்க நார்மல். பிளாஸ்மாவைப் பிரிக்காமல் ரத்தத்தை அப்படியே குளிரில் வைத்தால் இந்தப் புரதம் குறைந்துபோகும். புத்தகத்தில் இருப்பதுதான், அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதே மாதிரி நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும்; ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, நேரம் பொய்யாக நீளும். உங்கள் கண்ணெதிரே எடுப்பார்கள், நீங்களே பார்க்கலாம்.

போவதற்குப் பத்து நாள் முன்பிருந்து ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டிக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். இவை தட்டணுக்களின் கையைக் கட்டிப்போடும். அப்புறம் நோயா மருந்தா என்று தெரியாது. மாதவிடாய் வலிக்கு மெடிக்கலில் கேட்காமலே கொடுக்கும் மெஃபினமிக் அமில மாத்திரையும் இந்தக் கூட்டம்தான். நோய் என்னவென்று தெரியும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி போட வந்தால், பிள்ளைக்கு ரத்தம் நிற்காத தொந்தரவு இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். வான் வில்லிபிராண்ட் நோயின் பெரும்பாலான வகைகள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒரு பக்கமாக வந்தாலே போதும். அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் அதன் கடுமையான வகை, கிளான்ஸ்மான் நோய், பதின்மூன்றாவது காரணிக் குறை ஆகியவை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்பதால், அப்படிச் சேரும் வாய்ப்பு அதிகம். இருவருமே அந்தப் பழுதான மரபணுவைச் சுமக்கும் பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இல்லை. உங்கள் கல்யாணத்தை யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் இந்த ஊர்தான். டாக்டரிடம் இந்த உறவைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் எந்தச் சோதனையை முன்னால் வைப்பது என்று முடிவு செய்வார். பாட்டியிடமும் கேளுங்கள்: அவருடைய பிள்ளைகளில், உடன்பிறந்தவர்களில், பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தவர்கள், கைக்குழந்தையாகத் தொப்புளில் ரத்தம் வந்து போனவர்கள் உண்டா என்று. ‘ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று அவர் சொன்ன அந்த ‘எல்லாரும்’ உங்கள் குடும்பத்துப் பெண்கள்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

பல் விஷயம். அடுத்த மாதம் எடுக்க வேண்டாம். பல்லில் சீழ் வைத்திருந்தால் மருந்தால் அடக்கி வைக்கச் சொல்லுங்கள். நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் பல் எடுப்பது பெரிய காரியமே இல்லை. ட்ரானெக்சாமிக் அமிலம் என்று ஒரு மருந்து இருக்கிறது. உறைந்த கட்டியை உடம்பு கரைத்துவிடாமல் காக்கும். அதைக் கொடுத்து, வாயிலும் அதே கரைசலைக் கொப்பளிக்க வைத்து, நோய்க்கு ஏற்ப டெஸ்மோபிரெசின் என்ற மருந்தோ காரணி ஊசியோ தட்டணுவோ தயாராக வைத்துக்கொண்டு எடுப்பார்கள். மாதவிடாய்க்கும் அதே ட்ரானெக்சாமிக் அமிலம், தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை. இரண்டையும் டாக்டர் அளவு சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்றிய ரத்தம் இன்றைக்கு நடமாட வைக்கும், வற்றிப்போன சேமிப்பை நிரப்பாது. ராகிக் களியும் முருங்கைக்கீரையும் கொடுங்கள், நல்லதுதான், ஆனால் 5.8இலிருந்து அவை தூக்கிவிடாது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையும் போதாது, அது வராமல் தடுப்பதற்கான அளவு. டாக்டர் எழுதிய மாத்திரையை டீயோடு போடாமல் எலுமிச்சைச் சாற்றோடு போடட்டும். ஹீமோகுளோபின் 12 வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அடுத்த மாதவிடாய் வரும்போது ஒரு நோட்டில் நாளும், மாற்றிய துணி அல்லது பேடின் எண்ணிக்கையும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி வந்ததா என்பதும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணிக்கு ஒரு பேட் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், எழுந்தால் கண் இருட்டினால், தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம் போனால், தலையில் அடிபட்டால், காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். அது ஒட்டாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வேலூர் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவுக்கு நோய் உறுதியானால் அதே சோதனையை அவனுக்கும் செய்துவிடுவார்கள். மொட்டையைத் தை மாதம் போடுங்கள், கத்தி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காது குத்துவதை மட்டும் அவன் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை தள்ளி வையுங்கள். மாமன் மடியில் அடுத்த வருடமும் உட்காரலாம்.